இணையவழித் தேர்வில் காப்பியடித்ததாகப் பொய்க் குற்றச்சாட்டு: பதில் கடிதத்தை எப்படி எழுதுவது?

கேள்வி (மாணவி, கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். வேலை பார்த்துக்கொண்டே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இணையவழியில் முதுகலை வணிகவியல் படித்துவருகிறேன். சென்ற பருவத் தேர்வை வீட்டிலிருந்தபடி, மடிக்கணினியின் கேமரா கண்காணிப்பில் எழுதினேன். மற்றவர்களுக்கு முடிவு வந்தபோது எனக்கு மட்டும் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. தேர்வு நேரத்தில் என் கணக்கிலிருந்து மேலாண்மைக் கணக்கியல் பாடப் பக்கம் பலமுறை திறக்கப்பட்டதாகவும், நான் அடிக்கடி குனிந்து பார்த்ததாகவும், ஆகவே முறைகேட்டில் ஈடுபட்டதாகக் கருதப்படுவதாகவும் அதில் இருக்கிறது. பதில் அனுப்ப ஒரு வாரம் அவகாசம் தந்திருக்கிறார்கள்.

நான் எந்தப் பக்கத்தையும் திறக்கவில்லை. கணக்குப் போட வெள்ளைத்தாள் வைத்துக்கொள்ளத் தேர்வு விதியிலேயே அனுமதி உண்டு. குனிந்தது அதில் எழுதத்தான். கைப்பேசி பக்கத்து அறையில் சார்ஜில் இருந்தது. பல்கலைக்கழகச் செயலி அதில் எப்போதும் உள்நுழைந்த நிலையிலேயே இருக்கும். உடன் படிப்பவர்களோ, “மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிடு, அந்த ஒரு தாளை மட்டும் ரத்து செய்வார்கள், எதிர்த்தால் பருவம் முழுவதும் போய்விடும்” என்கிறார்கள். செய்யாததைச் செய்ததாக எழுதிக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1 (மென்பொருள் துறையில் பணிபுரிபவர்)

சகோதரி, மன்னிப்புக் கடிதம் மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை எழுதிய பிறகு நீங்கள் சொல்லும் எந்த விளக்கத்துக்கும் மதிப்பிருக்காது.

உங்கள் நிலைமை அப்படியே அமெரிக்காவில் நடந்திருக்கிறது. 2021-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டார்ட்மவுத் மருத்துவக் கல்லூரியில், வீட்டிலிருந்து தேர்வெழுதிய 17 மாணவர்கள் தேர்வு நேரத்தில், பாடங்களை வைத்திருக்கும் கேன்வாஸ் என்ற இணையதளத்தில் பாடப் பக்கங்களைப் பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். எந்தக் கணக்கிலிருந்து எப்போது எந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்று அந்தத் தளம் தானாகக் குறித்துவைக்கும் பதிவுகள்தான் முக்கியச் சான்று. ஆனால் கைப்பேசியோ இன்னொரு கணினியோ உள்நுழைந்த நிலையில் இருந்தால், யாரும் தொடாமலேயே அது சேவையகத்துடன் தொடர்புகொண்டு பக்கத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதையும், ஆள் திறந்ததற்கும் கருவி தானாகத் திறந்ததற்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பதிவை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் வெளியிலிருந்து ஆராய்ந்தவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் கல்லூரி எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டு மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டது.

ஆகவே உங்கள் முதல் கடிதம் விளக்கக் கடிதமாக இருக்க வேண்டாம். சான்றுகளைக் கேட்கும் கடிதமாக இருக்கட்டும். உங்கள் கணக்கின் முழுப் பதிவையும், தேர்வு நாளுக்கு மட்டுமல்லாமல் அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கேளுங்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த இரவு 3 மணிக்கும், அலுவலகக் கூட்டத்தில் இருந்த நேரத்திலும் அதே பக்கம் அதே இடைவெளியில் “திறக்கப்பட்டிருந்தால்”, உங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, காட்டி அவர்கள் வாதிடக்கூடும். ஆனால் வீட்டு வைஃபையில் மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் வெளியே தெரிவது பெரும்பாலும் ஒரே முகவரிதான். எந்தக் கருவி, எந்தச் செயலி வழியாகக் கோரிக்கை வந்தது என்ற விவரம் பெரும்பாலும் பதிவில் தனியாக இருக்கும். அதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

கைப்பேசியிலிருந்து அந்தச் செயலியை இப்போது நீக்காதீர்கள். புதுக் கைப்பேசி வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் தள்ளிப்போடுங்கள்.

பதில் 2 (ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர்)

இத்தகைய விசாரணைக் குழுக்களில் உறுப்பினராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பதிவைப் பற்றி மேலே நண்பர் சொன்னது சரி. ஆனால் குழுவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தொழில்நுட்பம் அறிந்தவர்கள் அல்லர்; அவர்களை அசைப்பது தாள்தான். நீங்கள் கணக்குப் போட்ட வெள்ளைத்தாள்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், ஒவ்வொரு பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்து, எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் என்று எழுதி இணையுங்கள். செலவு மாறுபாட்டைக் கணக்கிடும்போது ஓரிடத்தில் தவறிப்போய், அடித்துத் திருத்தி, மறுபடி போட்டிருப்பீர்கள் அல்லவா? காப்பியடித்தவர் தாளில் அந்த அடித்தல் இருக்காது. விடைத்தாள் திருத்திப் பழகிய ஆசிரியருக்கு அது பார்த்தவுடனே புரியும்.

கண்காணிப்புக் காணொளியை அழிக்காமல் பாதுகாக்கும்படி இன்றே எழுத்தில் கேளுங்கள். பல நிறுவனங்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அவற்றை நீக்கிவிடுகின்றன. குனிந்தபோதெல்லாம் உங்கள் தோளும் கையும் எழுதும் விதமாக அசைந்தது அந்தக் காணொளியிலேயே தெரியக்கூடும்.

கடிதத்தில் ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள். “என் மீது பொறாமை”, “வேண்டுமென்றே செய்கிறார்கள்” போன்ற வரிகளை நான் எத்தனையோ கடிதங்களில் படித்திருக்கிறேன். உண்மையாகவே தவறு செய்யாத பிள்ளைகள்கூட அந்த வரிகளால் குழுவின் அனுதாபத்தை இழந்திருக்கிறார்கள். குற்றச்சாட்டில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, அதற்கு நேராக நடந்ததையும் அதற்கான ஆதாரத்தையும் வைத்து, “நான் இந்தக் குற்றச்சாட்டை மறுக்கிறேன்” என்று ஒரே ஒருமுறை தெளிவாகச் சொன்னால் போதும். கடைசியில், அதே பாடத்தில் வாய்மொழித் தேர்வுக்கு எந்த நாளிலும் ஆயத்தமாக இருப்பதாக எழுதுங்கள்.

பதில் 3 (வழக்கறிஞர், மதுரை)

உங்களைக் கேட்காமல் தண்டிக்க முடியாது என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. தேர்வில் முறைகேடு செய்ததாக மாணவர்களைத் தண்டிக்கும் குழு, அவர்களுக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்தே ஆக வேண்டும் என்று 1962-இல், உத்தரப் பிரதேசத் தேர்வு வாரியத்துக்கு எதிரான கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில், கூறப்பட்டது. சான்றைக் காட்டாமல் பதில் கேட்பது வாய்ப்பளித்ததாகாது. ஆகவே சான்று கைக்கு வந்த பிறகே முழு அவகாசம் தொடங்க வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். அதற்காக அவர்கள் தந்த கெடுவைத் தவறவிடாதீர்கள். சான்று வராவிட்டாலும், மறுப்பை மட்டுமாவது குறித்த நாளுக்குள் அனுப்பிவிடுங்கள்.

முடிவு பாதகமாக வந்தால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புக் குழுவிடம் முறையிடலாம். அதன் முடிவும் திருப்தி தராவிட்டால், அது கிடைத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருந்தும்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. வெள்ளைத்தாள்கள் பத்திரமாக இருக்கின்றன. பேராசிரியர் ஐயாவிடம் ஒரு சந்தேகம்: வாய்மொழித் தேர்வுக்குத் தயார் என்று நானே முன்வந்து எழுதினால், எழுதிய தேர்வில் ஏதோ தவறு இருந்ததை ஒப்புக்கொண்டதாக அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

பதில் 2

எழுதும் விதத்தில்தான் இருக்கிறதம்மா. மறுதேர்வு கேட்காதீர்கள்; அது பழைய விடைத்தாளைக் கைவிட்டதாகிவிடும். “என் விடைத்தாள் நான் எழுதியதே, அதில் உள்ள எந்த விடையைப் பற்றி வேண்டுமானாலும் குழு என்னிடம் நேரில் கேட்கலாம், அதன் அடிப்படையில் அந்த விடைத்தாளையே மதிப்பிட்டு முடிவை வெளியிட வேண்டுகிறேன்” என்று எழுதுங்கள். நாளை காலை பதிவுகளைக் கேட்கும் கடிதம் முதலில் போகட்டும். இந்த வரிகள் இரண்டாவது கடிதத்தில் வரட்டும்.