ஒரு நாளில் ஏழு கோவில்: சித்தாண்டி முதல் உகந்தை வரை முடியுமா?

வாவிக்கரை:
லண்டனிலிருந்து மாமா குடும்பம் வருகிறது. மட்டக்களப்பில் ஐந்து நாள்தான் நிற்பார்கள். கோவில்களுக்கென்று ஒரே ஒரு நாள். வான் வண்டி பேசிவிட்டேன். விடியற்காலை நான்கரைக்குப் புறப்பட்டு முதலில் சித்தாண்டி முருகன், திரும்பி வந்து மாமாங்கம், பிறகு கொக்கட்டிச்சோலை, களுதாவளைப் பிள்ளையார், மண்டூர், திருக்கோவில் என்ற ஊரின் முருகன், கடைசியில் உகந்தை. மாமிக்கு உகந்தையில் ஒரு நேர்த்தி இருக்கிறது. எழுபத்திரண்டு வயது அம்மாவும் வருகிறார். வரிசையில் மாற்றம் வேண்டுமானால் சொல்லுங்கள்.

படுவான்கரையான்:
வரிசையை அல்ல, பட்டியலையே மாற்றுங்கள் தம்பி. சித்தாண்டி வடக்கே 20 கிலோமீட்டர். உகந்தையோ பொத்துவிலைத் தாண்டி, பாணமை வழியாக இன்னும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். போக வர 300 கிலோமீட்டருக்கு மேல் வரும். நண்பகல் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். மாலையில்தான் மறுபடி திறப்பார்கள். உங்கள் கணக்கின்படி மண்டூருக்குப் போய்ச் சேரும்போது கதவு மூடியிருக்கும். உகந்தைக்கு இருட்டில் போவீர்கள். பாணமைக்கு அப்பால் காடு, பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு வரும். அம்மாவை வைத்துக்கொண்டு அந்த வழியில் இரவில் போகாதீர்கள்.

இன்னொன்று. மண்டூரை வழியில் தொட்டுவிட்டுப் போகும் கோவிலாக நினைக்காதீர்கள். அங்கே கப்புகனார், அதாவது பூசகர், வாயைத் துணியால் கட்டி, திரைக்குப் பின்னால் பூசை செய்கிறார். மந்திர ஒலி இல்லை. சின்னக் கதிர்காமம் என்று நம் பெரியவர்கள் சொல்வது, கதிர்காம முருகன் கோவிலில் போன்ற இந்தப் பூசை முறையை வைத்துத்தான். அங்கே கால்மணி நேரத்தில் கும்பிட்டு ஓடுவதற்குப் போகாமலே இருக்கலாம்.

பாண்டிருப்பு மகள்:
அண்ணா, நீங்கள் ஊரில் இருக்கிறீர்கள். நினைத்தால் அடுத்த வெள்ளிக்கிழமை போவீர்கள். தூர தேசத்திலிருந்து வருகிறவருக்கு அந்த அடுத்த வெள்ளி கிடையாது. என் அப்பா கனடாவிலிருந்து ஒருமுறை வந்தபோது, "திருக்கோவிலுக்கு இன்னொரு தடவை ஆறுதலாகப் போவோம்" என்று நான்தான் தடுத்தேன். இன்னொரு தடவை அவர் வரவில்லை. கால்மணி நேரமாவது அந்தக் கடற்கரையில் நின்றிருப்பாரே என்று இன்றும் நெஞ்சு அடைக்கிறது. ஏழும் போகட்டும்.

படுவான்கரையான்:
உங்கள் துயரம் எனக்குப் புரிகிறது சகோதரி. ஆனால் வானில் ஏறி இறங்கியே களைத்துப்போன முதியவர் ஐந்தாவது கோவிலில் கண்ணைத் திறந்து சாமியைப் பார்ப்பதில்லை. என் மாமியாரை அப்படி அழைத்துப்போய்ப் பார்த்தவன் நான். மாமாங்கம் நகரத்துக்கு அருகில், அமிர்தகழியில் இருக்கிறது. ஐந்து நாளில் எந்த மாலையிலும் போகலாம். அதை ஏன் இந்த ஒரு நாளுக்குள் திணிக்கிறீர்கள்?

வாவிக்கரை:
எண்ணிக்கைக்காக நான் ஓடவில்லை ஐயா. மாமி 1990இல் ஊரை விட்டுப் போனவர். தம்பி உயிரோடு இருந்தால் உகந்தைக்கு வந்து கற்பூரச் சட்டி எடுப்பேன் என்று அப்போது நேர்ந்தார். போர்க்காலத்தில் அது நினைத்தவுடன் போகக்கூடிய இடமா? தம்பி பிழைத்தார். நேர்த்தி இன்னும் கிடக்கிறது. அந்த நேர்த்தியோடு மாமி தான் பிறந்து வளர்ந்த கரை முழுவதையும் ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறார்.

படுவான்கரையான்:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நேர்த்திக் கோவிலைக் கடைசியில் வைப்பார்களா? உகந்தையிலிருந்து தொடங்குங்கள். நான்கு மணிக்கே புறப்பட்டால் பொத்துவிலில் விடிந்துவிடும், பாணமை வழியை வெளிச்சத்தில் கடக்கலாம். மாமி ஆறுதலாக நேர்த்தியை முடிக்கட்டும். வள்ளியம்மன் மலைக்கு அம்மாவை ஏற்ற வேண்டாம். முருகன் வந்த ஓடம் கல்லானது என்று சொல்லும் பாறையைக் கடற்கரையிலேயே பார்க்கலாம். ஒன்பதரைக்கு வெளிக்கிட்டால் திருக்கோவிலில் மதியப் பூசை கிடைக்கும். கட்டுச்சோறு கொண்டுபோங்கள். நடை சாத்தியிருக்கும் நேரத்தை வீதியில் கழித்து, களுவாஞ்சிகுடியில் திரும்பிப் பட்டிருப்புப் பாலத்தால் மண்டூருக்கு மாலைப் பூசைக்குப் போங்கள். மூன்று கோவில், நிறைவான நாள். ஆடி அமாவாசை மட்டும் வேண்டாம். அன்று திருக்கோவிலில் கடல் தீர்த்தம், மாமாங்கத்தில் குளத் தீர்த்தம், வான் நகராது.

பாண்டிருப்பு மகள்:
தெற்கிலிருந்து தொடங்குவது நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். மூன்றோடு நிறுத்துவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். களுதாவளை பிரதான வீதிக்குப் பக்கத்தில்தானே? நடை சாத்தியிருந்தாலும் வாசலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாம்.

வாவிக்கரை:
சித்தாண்டியை விடுகிறேன். மாமாங்கத்துக்கு மறுநாள் மாலை போகிறோம். ஆனால் மண்டூரிலிருந்து பழுகாமம் வழியாக, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலேயே வந்தால் கொக்கட்டிச்சோலை வீடு திரும்பும் வழியில்தான் இருக்கிறது. பறங்கியர் முன் கல் நந்தி எழுந்து புல் தின்ற கதையை மாமி தன் பிள்ளைகளுக்கு லண்டனில் சொல்லிச் சொல்லி வளர்த்தவர். முன்பு மண்முனையில் வாவியைக் கடக்கப் பாதைக்கு, அதாவது வண்டிகளை ஏற்றும் மிதவைக்கு, காத்துக்கிடந்த காலம் அவருக்கு நினைவிருக்கிறது. 2014இல் திறந்த பாலத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.

படுவான்கரையான்:
இரவுப் பூசைக்குள் போய்ச் சேர முடிந்தால் போங்கள். அம்மா களைத்திருந்தால் பாலத்தைக் கடந்து நேரே வீட்டுக்கு. மண்டூரில் மட்டும் அவசரப்படாதீர்கள், அதில் நான் மாறவில்லை.

வாவிக்கரை:
அம்மாவிடம் கேட்டேன். "கொக்கட்டிச்சோலையில் நான் வானுக்குள் இருந்தாவது கும்பிடுவேன், நீ நேரத்தைப் பார்" என்கிறார். மூன்றரைக்கே புறப்படுகிறோம்.