எமிஷன் டெஸ்டில் 150, 250 மெகாஹெர்ட்ஸ் எல்லை தாண்டுகிறது: கிரவுண்ட் லேயர் முழுசாக இருந்தும் ஏன்?

கேள்வி:

வணக்கம். ஈதர்நெட் வைத்த ஒரு கன்ட்ரோலர் போர்டு, நாலு லேயர். போர்டு வீசும் ரேடியோ அலை (எமிஷன்) சிஸ்பர் 32 தரத்தின் கிளாஸ் பி (வீட்டுக் கருவிகளுக்கான) எல்லைக்குள் வர வேண்டும். 3 மீட்டர் தூரத்தில் அளந்ததில் 150 மெகாஹெர்ட்ஸில் 44 டெசிபல் மைக்ரோவோல்ட் வருகிறது (எல்லை 40). 250-இல் 50 வருகிறது (எல்லை 47). 350 எல்லைக்குள்தான் இருக்கிறது.

ஃபை சிப்புக்கு (ஈதர்நெட் கேபிளை ஓட்டும் சிப்) 50 மெகாஹெர்ட்ஸ் ஓசிலேட்டரிலிருந்து கிளாக் போகிறது; கன்ட்ரோலரோடு அது ஆர்.எம்.ஐ.ஐ. என்ற இணைப்பில் பேசுகிறது. இரண்டாவது லேயர் ஒரு கீறல்கூட இல்லாத முழு கிரவுண்ட். கிளாக்கை ஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு விளிம்பிலும் 1 வோல்ட் அளவுக்கு மேலே எகிறி அதிர்கிறது. போர்டு மேல் உலோக மூடி போடலாமா, கேபிளில் ஃபெரைட் மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:

150-உம் 250-உம் 50 மெகாஹெர்ட்ஸின் 3-ஆவது, 5-ஆவது ஹார்மோனிக் (முழு மடங்கு) என்பதால் மூலம் அந்த கிளாக்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் மூலம் வேறு, ஆன்டெனா வேறு. சில சென்டிமீட்டர் டிரேஸ் இந்த அலைவரிசையில் தானாகப் பெரிதாக வீசாது. ஈதர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு அளந்தீர்களா?

கேபிள் ஏன் முக்கியம் என்றால், 1 மீட்டர் கம்பியில் 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோஆம்பியர் காமன் மோட் கரன்ட் (கேபிளின் எல்லா ஒயர்களிலும் ஒரே திசையில் ஓடுவது) ஓடினாலே 3 மீட்டர் தள்ளி 100 மைக்ரோவோல்ட் புலம் வந்துவிடும். 40 டெசிபல் என்பது அதேதான். இதை வோல்டேஜ் பார்க்கும் ஸ்கோப்பில் தேடினால் கிடைக்காது. கேபிளைச் சுற்றி மாட்டும் கரன்ட் புரோபில்தான் தெரியும்.

பதில் 2:

ஸ்கோப் விஷயம் தனி. புரோபின் முதலைக்கிளிப் கிரவுண்ட் ஒயரில் அளந்தீர்களா? அந்த ஒயரில் 100 நானோஹென்றி, புரோப் முனையில் 10 பைக்கோஃபேரட் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து 160 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரெசனன்ஸ் ஆகும். நீங்கள் பார்க்கும் அதிர்வில் பாதிக்கு மேல் புரோபுடையதாக இருக்கலாம். ஒயரைக் கழற்றி, முனையில் மாட்டும் சின்ன ஸ்பிரிங்கை வைத்துப் பக்கத்துக் கிரவுண்டில் அழுத்திப் பாருங்கள்.

ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் ஓசிலேட்டர் (உச்சத்தைக் குறைக்க அலைவரிசையைச் சற்று முன்பின் அசைப்பது) போடச் சொல்லி யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஆர்.எம்.ஐ.ஐ. கிளாக் 50 பி.பி.எம்.-க்குள் (பத்து லட்சத்தில் 50 பங்கு) நிற்க வேண்டும்.

கேட்டவர்:

கேபிளைக் கழற்றினால் 150-இல் இருந்தது அளவுக் கருவியின் அடிமட்ட இரைச்சலோடு கலந்துவிடுகிறது, 250-உம் எல்லைக்கு நன்றாகக் கீழே. ஸ்பிரிங்கில் அளந்தபோது எகிறல் 0.4 வோல்ட்தான்.

கிளாக் டிரேஸ் பற்றிச் சொல்லவில்லை: ஓசிலேட்டர் மேல் லேயரில், அங்கிருந்து வயா (லேயர்களை இணைக்கும் செம்புத் துளை) வழியாகக் கீழ் லேயருக்குப் போய், சுமார் 4 சென்டிமீட்டர் ஓடி, மறுபடி மேலே ஏறி ஃபை சிப்பில் சேர்கிறது. வரிசையில் ரெசிஸ்டர் இல்லை. மூன்றாவது லேயரில் பாதி 5 வோல்ட், பாதி 3.3 வோல்ட்.

பதில் 1:

பிரச்சினை அங்கேதான். ரிட்டர்ன் கரன்ட் (சிக்னல் கிளம்பிய இடத்துக்கே திரும்பும் கரன்ட்) "கிரவுண்ட்" என்று பெயர் வைத்த லேயரைத் தேடிப் போவதில்லை. இந்த வேகத்தில் அது டிரேஸுக்கு மிக அருகில் உள்ள செம்பில், டிரேஸுக்கு நேர் அடியில் ஓடப் பார்க்கும். அங்கேதான் இண்டக்டன்ஸ் குறைவு. கீழ் லேயர் டிரேஸுக்கு அருகில் இருப்பது மூன்றாவது லேயர், வழக்கமான 1.6 மில்லிமீட்டர் போர்டில் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி. உங்கள் முழு கிரவுண்டோ போர்டின் நடுவில் உள்ள தடித்த கோருக்கு அந்தப் பக்கம், இன்னும் 1 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி.

5-க்கும் 3.3-க்கும் நடுவில் உள்ள வெட்டை டிரேஸ் தாண்டும் இடத்தில் ரிட்டர்ன் கரன்ட் நேராகத் தாண்ட முடியாமல், பக்கத்தில் எந்த கெப்பாசிட்டர் கிடைக்கிறதோ அதுவரை சுற்றிப் போகிறது. வயா இறங்கும் இடத்திலும் அதே கதை. இந்தச் சுற்றால் லேயர்களுக்கு இடையே எழும் வோல்டேஜ் கனெக்டர் வரைக்கும் பரவி, கேபிளைத் தள்ளுகிறது. கேபிள் மாட்டினால்தான் உச்சம் வருவது இதனால்தான்.

மூடியும் ஃபெரைட்டும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். டிரேஸை இரண்டு முனையிலும் வெட்டிவிடுங்கள். ஆர்ஜி-178 மாதிரி மெல்லிய கோயாக்ஸ் துண்டை ஓசிலேட்டரிலிருந்து ஃபை சிப் வரை நேராகச் சால்டர் செய்யுங்கள். ஷீல்டை இரண்டு முனையிலும் கிரவுண்டில் கூடியவரை குட்டையாகச் சேர்க்க வேண்டும், வால் விட்டால் பயனில்லை. ஓசிலேட்டர் காலுக்கு ஒட்டியபடி 33 ஓம் ரெசிஸ்டர். முதலில் ரெசிஸ்டர் இல்லாமல் அளந்துவிட்டு அப்புறம் போடுங்கள், எது எவ்வளவு குறைத்தது என்று தெரியும்.

கேட்டவர்:

செய்து பார்த்தோம். கோயாக்ஸ் மட்டும்: 150-இல் 35, 250-இல் 43. ரெசிஸ்டரும் சேர்ந்தபின் 150-இல் 33, 250-இல் 38. மூடி, ஃபெரைட் எதுவும் இல்லை. மிக்க நன்றி சார். அடுத்த போர்டில் வெட்டுக்குக் குறுக்கே கெப்பாசிட்டர்கள் வைத்தால் போதுமா, டிரேஸையே மாற்ற வேண்டுமா?

பதில் 2:

மாற்றுங்கள். கெப்பாசிட்டர் வயாவோடு சேர்ந்து 1 நானோஹென்றி என்று வைத்தாலும் 250 மெகாஹெர்ட்ஸில் 1.5 ஓமுக்கு மேல் ஆகிவிடும். அது ஒட்டுப்போடும் வேலை. ஓசிலேட்டரை ஃபை சிப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி, மேல் லேயரிலேயே கிளாக்கை முடியுங்கள், அடியில் உங்கள் முழு கிரவுண்ட் காத்திருக்கிறது. மூன்றாவது லேயரையும் கிரவுண்டாக்கி, 5 வோல்ட்டையும் 3.3-ஐயும் அகலமான டிரேஸாகக் கொண்டுபோக இடம் இருந்தால் இன்னும் நல்லது. அப்போது லேயர் மாறும் மற்ற வேக சிக்னல்களுக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்ட் வயா போதும்.

பதில் 1:

ரெசிஸ்டர் மதிப்பை இப்போதே 33 என்று முடிவு செய்யாதீர்கள். ஓசிலேட்டரின் உள் மின்தடையும் ரெசிஸ்டரும் சேர்ந்து டிரேஸின் 50 ஓமுக்கு அருகில் வர வேண்டும், புது டிரேஸ் வந்தபின் 22, 33, 47 மூன்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். எல்லைக்குக் கீழே 6 டெசிபலாவது இருக்கட்டும், சோதனைக்கூடம் மாறினால் அளவும் சில டெசிபல் மாறும்.