‘வேக்கப்’ என்பதற்கு ஒரு சொல் போதாது

கணினித் துறையின் ‘வேக்கப்’ (wakeup) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும்போது, தூங்க வைத்த கணினி நாம் தொடாமலே எழுந்துகொள்ளும் கோளாறுக்குப் ‘பொய் விழிப்பு’ என்று முன்மொழியப்பட்டிருக்கும் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த விழிப்பு மெய்யானது. மடிக்கணினியாக இருந்தால் காலையில் மின்கலம் காலியாகிக் கிடப்பதே அதற்குச் சான்று.

சோமனூரில் என் மைத்துனரின் தறிக்கூடத்தை ஒட்டிய அறையில், கணக்கு எழுதுவதற்கென்று லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினி ஒன்று இருக்கிறது. இரவு ஷிப்டுக்குத் தறிகள் ஓடத் தொடங்கியதும் மேசை அதிர்ந்து, அதன்மேல் கிடக்கும் கம்பியில்லாச் சுட்டி (மவுஸ்) நூலிழை அளவு நகர, அணைந்திருந்த திரை பளிச்சென்று ஒளிரும். “ஆருமே தொடுலீங்க, அதாவே முழிச்சுக்குது” என்றார். சுட்டியின் அசைவை வாங்கிக்கொள்ளக் கணினியில் செருகியிருக்கும் யூஎஸ்பி ஏற்பி தன்னை ஒரு விசைப்பலகையாகவும் அறிவித்துக்கொள்வதால், விசைப்பலகைகளுக்கு இயல்பாகவே கொடுக்கும் எழுப்பும் உரிமையை லினக்ஸின் உட்கருவான கர்னல் அதற்கும் கொடுத்திருந்தது. அந்தச் சாதனத்தின் ‘பவர்’ அடைவிலுள்ள (ஃபோல்டர்) ‘வேக்கப்’ கோப்பில் ‘எனேபிள்டு’ என்றிருந்ததை ‘டிசேபிள்டு’ என்று மாற்றியபின், தறி ஓடினாலும் கணினி விடியும்வரை தூங்கியது.

மைத்துனர் சொன்ன முழித்தல் தன்வினை. நாங்கள் தேடிப் பிடித்த எழுப்புதல் பிறவினை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்திருப்பதால் நாமும் அடைக்க வேண்டியதில்லை. 2010இல் வந்த லினக்ஸ் 2.6.36 பதிப்பில் சேர்ந்த, எழுப்பல்களை எண்ணிவைக்கும் ‘வேக்கப் கவுன்ட்’ வசதியைப் பாருங்கள்: கணினி தூங்கப்போகும் தறுவாயில் ஏதேனும் ஒரு சாதனம் குரல் கொடுத்தால், எண்ணிக்கை மாறியிருப்பதை வைத்து அந்தத் தூக்கம் கைவிடப்படுகிறது. அங்கே எழுப்பல் நிகழ்ந்தது, விழிப்பு நிகழவே இல்லை. அதை ‘விழிப்பு எண்ணிக்கை’ என்று பெயர்த்தால் பொருளே பிசகிவிடும்.

ஆகவே நிகழ்வுக்கு ‘விழிப்பு’, அதைத் தூண்டும் செயலுக்கு ‘எழுப்பல்’, தூண்டுவது எதுவோ அதற்கு ‘எழுப்புமூலம்’ என்று பிரித்துக்கொள்ளலாம். ‘மின்மாற்றி’ போல ‘எழுப்பி’ என்பது சுருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘எழுப்பி முடக்கப்பட்டது’ என்ற செய்தியைப் படிப்பவர் அதை வினையெச்சமாகவே எடுத்துக்கொண்டு, கணினியை எழுப்பிய பிறகு முடக்கினார்கள் என்றுதான் புரிந்துகொள்வார்.

கோளாறின் பெயராக, ‘அழையா விருந்தாளி’ என்று நாம் புழங்கும் வழக்கை ஒட்டி, ‘அழையா விழிப்பு’ என்பதை முன்வைக்கிறேன். வந்தவர் மெய்யாகவே வந்திருக்கிறார், அழைத்தவர்தான் இல்லை. அமைப்புகள் பக்கத்தில் ஒவ்வொரு சாதனத்தின் எதிரிலும் ‘எழுப்ப அனுமதி’ என்று இருந்தால் என் மைத்துனருக்கே விளங்கும்.