நுரை இலக்கு உலரும்போது ஏன் சுருங்குகிறது?

கேள்வி: லேசர் இணைவு (லேசரால் எரிபொருளை அழுத்தி அணுக்கருக்களை இணைப்பது) ஆய்வுக்கு இலக்காக, எரிபொருளைத் தாங்கும் நுரைக் கோளம் செய்கிறேன். கரைப்பானில் ஊறும்வரை வடிவம் நிற்கிறது, உலர்ந்ததும் சுருங்கிப்போகிறது. என்ன வழி?

பதில்: காற்றில் உலர்த்தினால் அப்படித்தான். துளைகளுக்குள் திரவத்தின் பரப்பு இழுவிசை மெல்லிய சுவர்களை உள்ளே இழுத்துவிடும். கரைப்பானைத் திரவக் கார்பன் டை ஆக்சைடால் மாற்றுங்கள். 31 டிகிரி செல்சியஸ், 74 பார் இரண்டையும் தாண்டினால் திரவம், வாயு என்ற எல்லையே இராது, இழுவிசையும் இராது. அதன்பின், சூடு குறையாமல் வாயுவை மெல்லத் திறந்துவிடுங்கள். இந்தக் கட்டத்தில் பொறுமையில்லாதவர்கள் வேறு வேலை பார்க்கலாம். அழுத்தம் சட்டென்று இறங்கினால் விரிசல்தான்.

இன்னொருவர்: உறைந்த எரிபொருள் அடுக்கு போதாதா? நுரை எதற்கு?

பதில்: அந்த அடுக்கைச் சீராக வளர்க்கவே நாட்கணக்காகும். நுரையோ கனமான ஹைட்ரஜன் வகைகளான திரவ டியூட்டீரியம், டிரிட்டியம் எரிபொருளைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் நுரையிலுள்ள கார்பன் கூடினால் கதிர்வீச்சு இழப்பும் கூடும். அடர்த்தியைக் குறைத்தே செய்யுங்கள்.

கேட்டவர்: நன்றி. அழுத்தக் கலனுக்கு இன்றே சொல்லிவைக்கிறேன்.