உப்புக்காத்து ஊருக்கு எல்.இ.டி பல்பு சரிப்படுமா?

பாம்பன்வாசி:
மண்டபம், பாம்பன் பக்கம் எங்க போனாலும் இதே பேச்சு. அட்டையில 25,000 மணி நேரம்னு போட்டிருக்கு, ஒரு கச்சான் காத்துக்குத் தாங்க மாட்டேங்குது, சோக்கு வச்ச டியூப்லைட்டே தேவலைங்கிறாங்க. கண்ணு கெட்டுப்போகும்னும் சொல்றாங்க. கடல்ல எல்.இ.டி வெளிச்சம் போட்டு மீன் பிடிக்கவே தடை, வீட்டுக்கு எப்படி ஆகும்னு இன்னொரு கேள்வி. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

வயரிங்காரர்:
தம்பி, அந்த 25,000 மணி நேரம் உள்ள வெளிச்சம் தர்ற சில்லுக்கான கணக்கு. வெளிச்சம் 70 சதவீதமா இறங்குற வரைக்கும். முதல்ல போறது சில்லு இல்ல, அடியில இருக்கிற டிரைவர், அதாவது வீட்டு கரண்டை சில்லுக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கிற சர்க்யூட். அதுல உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்கு (கரண்டைச் சேர்த்து வச்சு விடுற பாகம்) 10 டிகிரி சூடு கூடினா ஆயுள் ஏறத்தாழ பாதி. அதனால நாலு பக்கமும் மூடின கண்ணாடிக் கூண்டுக்குள்ள பல்பை மாட்டாதீங்க. சோக்குங்கிறது செம்புக் கம்பியும் இரும்புத் தகடும்தான்; திடீர்னு ஏறுற வோல்டேஜை அது தாங்கும், மலிவான டிரைவர் தாங்காது. பெரியவங்க சொல்றதுல உண்மை இருக்கு.

பல்பை மாத்துறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை ஏ.சி 750-ல வச்சு, சாயங்காலமும் நடு ராத்திரியும் வோல்டேஜ் பாருங்க. 216-லிருந்து 244-க்குள்ள இருக்கணும். ஒரு நேரம் 270, ஒரு நேரம் 180-ன்னு ஆடினா நியூட்ரல் (கரண்டு திரும்பிப் போற கம்பி) லூஸ். கம்பத்துல உப்பு அரிச்சிருக்கும், மின்வாரியத்துல எழுதிக் கொடுங்க. மெயினை அணைச்சிட்டு ஹோல்டரைக் கழட்டிப் பாருங்க, உள்ளே பித்தளைப் பின் பச்சை பூத்திருந்தா ஹோல்டரையே மாத்தணும். வாசலுக்கும் மாடிக்கும் தூசியும் தண்ணியும் புகாத ஐ.பி 65 பிட்டிங், வயர் நுழையிற ஓட்டைக்கு சிலிக்கோன் பசை. வாங்கும்போது அட்டையில 4 கே.வி சர்ஜ்னு (திடீர்னு ஏறுற வோல்டேஜை 4,000 வோல்ட் வரைக்கும் தாங்கும்னு அர்த்தம்) இருக்கான்னு பாருங்க. மெயின் போர்டுல சர்ஜ் அரெஸ்டர் (அந்த வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பி விடுற கருவி) வைக்கிறது ரொம்ப நல்லது, ஆனா எர்த் சரியா வேலை செய்யணும். எர்த்துக்குப் புதைக்கிற ஜி.ஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்பு) நம்ம மண்ணுல சீக்கிரம் அரிச்சுப்போகும், செம்புப் பூச்சு ராடு போடுங்க.

பழைய விளக்கு:
புது விளக்கைப் பார்த்து பயப்படுறது நம்ம ஊரோட நிக்கல. 1891-ல வெள்ளை மாளிகைக்கு கரண்ட் வந்தப்ப, ஜனாதிபதி ஹாரிசனும் வீட்டாரும் ஷாக் அடிக்கும்னு சுவிட்சைத் தொடவே மாட்டாங்க, வேலையாட்கள்தான் போட்டு அணைச்சாங்க. அந்த பயம் தானா போயிருச்சு. ஆனா "கம்பெனிக்காரன் ஆயுளைக் குறைக்கிறான்"ங்கிற சந்தேகத்தை அப்படித் தள்ள முடியாது. 1924-ல பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவுல கூடி, குண்டு பல்புக்கு 1,000 மணி நேரம்தான்னு முடிவு பண்ணாங்க. அதுக்கு மேல எரியிற பல்பைச் செஞ்சவங்களுக்கு அபராதம். ஆயுள் கூடின பல்பு அதே கரண்டுக்கு மங்கலாத்தான் எரியும்கிறதும் நிஜம். ஆனாலும் ஜனங்களுக்குத் தெரியாம கூடிப் பேசினது தப்புதான்.

கரைவலை:
கடல் தடைக்கும் வீட்டு பல்புக்கும் சம்பந்தமே இல்லை. வெளிச்சத்தைக் கொட்டினா குஞ்சு மீனும் சேர்ந்து கூடிரும், மொத்தமா அள்ளிருவாங்க. 2017-ல மத்திய அரசு தடை போட்டது அதுக்காகத்தான். அந்தத் தடை நியாயமானது. வீட்டு அளவு வெளிச்சத்துல கண்ணு கெடாது. படுக்கிற அறைக்கு மட்டும் அட்டையில 6500K-ன்னு (K-ங்கிறது ஒளி நிறத்தோட அளவு) போட்ட வெள்ளை வேண்டாம், நீல ஒளி தூக்கத்தைத் தள்ளிப்போடும். 2700K இல்லன்னா 3000K மஞ்சள் வாங்குங்க.

பாம்பன்வாசி:
நன்றிண்ணே. சுவிட்சை அணைச்ச பிறகும் சில பல்பு லேசா மினுக்குதே?

வயரிங்காரர்:
சுவிட்ச் நியூட்ரல்ல போட்டிருப்பாங்க. டெஸ்டரை வச்சுப் பாருங்க, சுவிட்சை அணைச்ச பிறகும் ஹோல்டர்ல வச்ச டெஸ்டரோட விளக்கு எரிஞ்சா அதேதான். சுவிட்சை ஃபேஸுக்கு (கரண்டு வர்ற கம்பிக்கு) மாத்துங்க. அப்படியே விட்டா, பல்பு மாத்தும்போது ஷாக் அடிக்கும்.