முள் கடிகாரத்துல மணி பார்க்க எப்படி சொல்லிக் குடுக்குறது?

கேள்வி: என் பொண்ணுக்கு 7 வயசு. போன்ல மணி கேட்டா டக்குனு சொல்லிடுவா, ஆனா சுவர்க் கடிகாரத்துல 3.50ஐ 4.50னு சொல்றா, சின்ன முள்ளு 4கிட்ட நிக்குதுல்ல அதான். எப்படிங்க புரிய வைக்கிறது?

பதில் 1: நிறைய பசங்க இங்கதான் மாட்டிக்குவாங்க. பெரிய முள்ள கொஞ்ச நாள் விட்டுடுங்க. பழைய கடிகாரம் இருந்தா அதுல பெரிய முள்ள கழட்டிட்டு சின்ன முள்ள மட்டும் வச்சு காட்டுங்க, 3க்கும் 4க்கும் நடுவுல நின்னா மூணரை, 4ஐ தொடப் போகுதுன்னா இன்னும் நாலாகல, தாண்டி வந்த நம்பர்தான் மணி. இது பிடிபட்டா பாதி வேலை முடிஞ்சுது.

பதில் 2: மேல சொன்னது ரொம்ப சரி. அட்டையில செய்யுற கடிகாரம் மட்டும் வேண்டாமே, அதுல ரெண்டு முள்ளும் தனித்தனியா சுத்தும், 3.30க்கும் சின்னது நேரா 3லயே நிக்கும், குழந்தை மனசுல அப்படியே தப்பா பதிஞ்சுடும். நிஜ கடிகாரத்துக்குப் பின்னாடி இருக்குற திருக அவளையே சுத்த விடுங்க, பெரிய முள்ளு ஒரு முழு சுத்து வந்தா சின்னது ஒரு நம்பர் நகருறத கண்ணால பார்ப்பா.

பதில் 3: 5ஆம் வாய்ப்பாடு வருதா பாருங்க. வரலன்னா நிமிஷத்துக்கு இப்ப போகாதீங்க, பெரிய முள்ளு 8ல இருந்தா ஏன் 40னு அவளுக்குப் புரியாது, மனப்பாடம்தான் பண்ணுவா.