மணிக்கட்டுப் பட்டையில் எல்.இ.டி. ஏன் அணைகிறது?

கேள்வி (சேலம், அஞ்சு ரோடு):
வணக்கம். நாடித்துடிப்பு பார்க்க மணிக்கட்டில் ஒட்டும் பட்டை செய்கிறோம். மைக்ரோ எல்.இ.டி. கிடைக்காததால் இப்போதைக்கு 0402 அளவில் (1 × 0.5 மி.மீ.) பச்சை எல்.இ.டி. நான்கு, 25 மைக்ரான் பாலிஇமைடு (வளையும் பிளாஸ்டிக் படலம்) போர்டில். மேலே சிலிகோன். நூறு தடவை வளைப்பதற்குள் ஒன்றிரண்டு அணைகிறது, விரலால் அழுத்தினால் எரிகிறது. சிலிகோனும் எல்.இ.டி.யைச் சுற்றிப் பிசுபிசுப்பாகவே நிற்கிறது. எங்கே தப்பு?

பதில் 1:
தம்பி, அழுத்தினால் எரியுதுன்னா எல்.இ.டி. சாகலை, சால்டர் விட்டிருக்கு. லென்ஸ் வச்சு பேடோட (சால்டர் ஒட்டுற செம்புத் திட்டு) விளிம்பைப் பாருங்க, முடி மாதிரி ஒரு கோடு தெரியும். எல்.இ.டி. 1 மி.மீ. நீளம், அது வளையாது. வளைவு முழுக்க அந்த விளிம்பிலேயே விழுது. எல்.இ.டி.யோட நீளப்பக்கம் முழங்கையை நோக்கி இருக்கணும், மணிக்கட்டைச் சுற்றி இருக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் அடியில 0.2 மி.மீ. எஃப்.ஆர்.4 (விறைப்பான கண்ணாடியிழை போர்டு) துண்டு, சுற்றிலும் 1 மி.மீ. கூடுதலா ஒட்டுங்க. பிஸ்மத் கலந்த, 138 டிகிரியில உருகுற சால்டரா? அது நொறுங்கும், எஸ்.ஏ.சி.305 (வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த சால்டர்) போடுங்க. பாலிஇமைடு ஈரம் குடிக்கும், அதனால ரீஃப்ளோவுக்கு (போர்டைச் சூடாக்கி சால்டரை உருக்குறது) முன்னாடி 120 டிகிரியில 2 மணி நேரம் சுடுங்க. இல்லைன்னா கொப்புளம் போடும்.

பதில் 2:
பிசுபிசுப்புக்குக் காரணம், சிலிகோனை இறுக வைக்கும் பிளாட்டினம் வினையூக்கி கெட்டுப்போவது. லேடெக்ஸ் கையுறையில் உள்ள கந்தகமும், கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸில் (சால்டர் ஒட்ட உதவும் பசை) உள்ள அமீனும் அதைக் கெடுக்கும். எல்.இ.டி.யைச் சுற்றி மட்டும் என்பதால் எனக்கு ஃப்ளக்ஸ் மேல்தான் சந்தேகம். ஐ.பி.ஏ.வில் (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) நன்றாகக் கழுவிக் காயவையுங்கள், கையுறை நைட்ரைல். சிலிகோனும் அதை இறுக்கும் திரவமும் கலக்கும் 10:1 விகிதம் எடைக் கணக்கு: 20 கிராமுக்கு 2 கிராம், தராசில் வைத்து. ஒன்று மறக்காதீர்கள்: சிலிகோன் நீராவியைத் தடுக்காது. போர்டோடு ஒட்டாமல் நிற்கும் இடத்தில் அது நீராகத் தேங்கும், வியர்வை உப்பும் சேர்ந்தால் செம்பு அரிக்கும். 

பதில் 3:
சூட்டையும் பாருங்க. 3 வோல்ட், 20 மில்லி ஆம்பியர், நான்கு எல்.இ.டி. என்றால் 240 மில்லிவாட். தொடர்ந்து எரிய விடாதீங்க. வினாடிக்கு 100 ஒளித் துடிப்பு, ஒவ்வொன்றும் 200 மைக்ரோவினாடி என்றால் சராசரி 5 மில்லிவாட்டுக்குள் அடங்கும். நாடித்துடிப்புக்கு அதுவே தாராளம். பத்து நிமிடத்துக்கு மேல் தோலில் ஒட்டியிருக்கும் பாகம் 43 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஏற்காட்டுக் குளிரில் சோதித்துச் சரி என்று விடாதீங்க, சேலத்து மே மாத மதியத்தில் பாருங்க.

மைக்ரோ எல்.இ.டி. வந்தாலும் சில்லு வளையாது. 100 மைக்ரானுக்குக் கீழே இருப்பதால் வளைவு அதைச் சுற்றிப் போய்விடும், அவ்வளவுதான். இணைப்பின் விளிம்பு அப்போதும் விளிம்புதான். மேல்பரப்பின் இழுவிசைத் திரிபு (எவ்வளவு நீள்கிறது என்ற விகிதம்) தோராயமாக, தடிமனை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தது: 0.1 மி.மீ. போர்டை 10 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் 0.5 சதவீதம். செம்புக்கு மேலும் கீழும் சம தடிமனில் பாலிஇமைடு இருந்தால் செம்பில் அது பூஜ்யத்தை நெருங்கும். சிலிகோனைத் தடிமனாக ஊற்றி இதைச் செய்ய முடியாது, அது அவ்வளவு மெது.